தினமும் பெரிய வியாழன்

டிஸ்பென்சரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, முதல் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வராதீர்கள். நான் போட்டுக்கொண்டு வந்தேன். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை. அதைப் பார்த்துவிட்டுக் கிருமாம்பாக்கம் பஸ்ஸில் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அரை டாக்டர் ஆகிவிட்ட மிதப்பில் இறங்கினேன்.

1. ஊசி எங்கே?

கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன டிஸ்பென்சரி அது. எழுபதுகளில் ஒரு நடவுக் காலம். ஊருக்கெல்லாம் ஊசி போடப் போகிறேன் என்று தமுக்கடித்துவிட்டு வந்திருந்தேன். பெரிய சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு குட்டி ஸ்டூலையும் தண்ணீர் பேசினையும் காலால் என் பக்கம் தள்ளினார்.

"சவரிமுத்து, உட்காரு."

"பேஷண்ட் எங்க சிஸ்டர்?"

"வெளிய வரிசையா நிக்குது பாரு, காலு. அதான் பேஷண்ட்."

நாள் முழுக்கச் சேற்றில் நின்று நாற்று நட்டவர்கள். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். பொட்டாஷ் பர்மாங்கனேட் கலந்த ரோஸ் நிறத் தண்ணீரில் காலைக் கழுவ வேண்டும். விரல் விரலாகத் துடைக்க வேண்டும். பிறகு ஜென்ஷன் வயலட் தடவ வேண்டும். அந்த ஊதா மருந்து பட்ட இடம் லேசில் வெளுக்காது. என் வெள்ளைச் சட்டையைக் கேளுங்கள், சொல்லும்.

தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்? துண்டை எடுத்து மூக்கு வரைக்கும் கட்டிக்கொண்டேன். முதலில் உட்கார்ந்த அம்மாவே கேட்டுவிட்டாள்.

"இன்னா தம்பி, மூஞ்சில கட்டு? உனக்கு சேத்துப்புண்ணு அங்கயா?"

வரிசை மொத்தமும் சிரித்தது. திரும்பினால், பக்கத்து பேசின் முன்னால் தரையில் மண்டியிட்டுப் பெரிய சிஸ்டரும் ஒரு காலைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

"ஊர்ல சாமியார், ஆண்டவர் சீஷருங்க காலைக் கழுவுன பெரிய வியாழன் அன்னிக்கு வருஷத்துக்கு ஒரு வாட்டி காலு கழுவுறாரு. நமக்கு தினமும் பெரிய வியாழன். குடுத்து வெச்சவங்கடா நாம. துண்ட அவுத்துடு."

அவிழ்த்தேன். கொடுத்துவைத்த முகம் போலவா இருந்திருக்கும் அது?

2. பொண்ணோட அப்பா

கஷ்டம் என்னவென்றால், அந்தச் சமயம் வில்லியனூர்ப் பக்கம் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் பிலோமினா. ஒரே ஒரு முறை கோயிலில் பார்த்தேன். பூசை முடிந்து வெளியே வரும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அதோடு என் தூக்கம் போயிற்று. சம்பந்தம் பேசிய என் சித்தப்பா அந்த வீட்டில் அளந்துவிட்டிருந்தார்: "பையன் ஊசி போட்டான்னா எறும்பு கடிச்ச மாரி கூட இருக்காது!"

ஒரு நாள் சித்தப்பா ஓடி வந்தார். "பொண்ணோட அப்பா என்னிக்காச்சும் சொல்லாம வந்து பாப்பாராம். ஊசியும் கையுமா நில்லுடா!"

அந்த மனுஷனை நான் பார்த்ததுகூட இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கம்பவுண்டரிடம் கெஞ்சி, ஒதுக்கிப் போட்ட பழைய கண்ணாடி சிரிஞ்சு ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். ஊசி இல்லாத சிரிஞ்சு. கால் கழுவும்போதும் அது பையிலேயே இருந்தது.

ஒரு காலை, வரிசையில் கட்டுமஸ்தான ஆள் ஒருவர். பாதமெல்லாம் வெடிப்பு, விரலிடுக்கெல்லாம் புண். காலைத் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வேணாம்பா. நானே கழுவிக்கிறேன்."

"சும்மா நீட்டுங்க. உங்க காலு இன்னா கோயில் சுரூபமா, தொடக் கூடாதுன்றதுக்கு?"

சிரித்துவிட்டு நீட்டினார். நான் விரல் விரலாகத் துடைக்க, அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏம்பா, இங்க ஊசி போடுறதுல கெட்டிக்காரப் பையன் ஒருத்தன் இருக்கானாமே, யாரு? நான் வில்லியனூர்லேர்ந்து வரேன்."

தம்பிகளே, துடைத்த விரலையே மறுபடியும் துடைத்தேன்.

"அவரா? அவரு... லீவு."

டிஸ்பென்சரிக்குப் பின்னால் சிஸ்டர் வளர்த்த சேவல் கூவியது. பைபிளில் பேதுருவாவது ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்த பிறகுதான் சேவல் கூவக் கேட்டார். எனக்கு ஒன்றுக்கே கூவிவிட்டது.

உள்ளேயிருந்து பெரிய சிஸ்டர் குரல் கொடுத்தார். "சவரிமுத்து! அந்த ஐயாவுக்கு வயலட் போட்டியா?"

பெயரைக் கேட்டதும் அவர் என் முகத்தைப் பார்த்தார். பதறி எழுந்தேன். வயலட் பாட்டில் அவர் வேட்டியில் கவிழ்ந்தது. தடுக்கக் குனிந்தேன். பையிலிருந்த சிரிஞ்சு பேசினுக்குள் விழுந்தது. அவர் அதை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊசியே காணோமே இதுல?"

சிரிஞ்சை என் கையில் கொடுத்துவிட்டு, ஊதா வேட்டியோடு பஸ் ஏறிப் போய்விட்டார்.

3. பதில்

முடிந்தது கதை என்று இருந்தேன். சோறு இறங்கவில்லை. நான் கழுவிய கால்களெல்லாம் பிலோமினா வீட்டை விட்டு விலகிப் போகிற கால்களாகவே தெரிந்தன.

சித்தப்பா வந்தார், முகம் முழுக்கப் பல்லாக.

"டேய், அந்தாளு இன்னா சொன்னார் தெரியுமா? 'ஊசி போடுறவன்னா யோசிச்சிருப்பேன், ஒரு குத்து குத்திட்டுப் போற வேலை. இவன் நான் யாருன்னே தெரியாம என் கால விரல் விரலா தொடைச்சான். என் கூடப் பொறந்தவன் கூட அத செஞ்சதில்ல. பொய்தான் சொல்லத் தெரியல. அது போதும், என் பொண்ண குடுக்குறேன்'னாரு!"

கல்யாணம் நடந்தது. கோயிலில் சாமியார் மந்திரித்துக் கல்யாணத்தை முடித்துவைக்க, பெண் வீட்டு வாசலுக்கு வந்தோம். எங்கள் பக்கத்தில் படியேறும் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் கால் கழுவிவிடுவார்கள். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. செம்பும் துண்டுமாக மாமனாரே வந்து என் முன்னால் குனிந்தார்.

நான் ஷூவைக் கழற்றவில்லை. காரணம் இருந்தது. நடவு முடியும்வரை ஈரத் தரையிலேயே கிடந்ததில் என் விரலிடுக்கிலும் புண் வந்து, பத்து விரலும் ஊதாவாக இருந்தன.

"வேணாம் மாமா. நானே கழுவிக்கிறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீட்டு மாப்ள. உன் காலு இன்னா கோயில் சுரூபமா?"

ஷூ கழன்றது. ஊதா விரல்களைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் செம்புத் தண்ணீரில் பாதி கொட்டிப்போனது. மீதியை ஊற்றி, விரல் விரலாக, அவசரப்படாமல் துடைத்தார். படிமேல் நின்ற பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குத்தான் கண் கலங்கித் தொலைத்தது.

மற்றவர் காலைக் கழுவுவதை அந்த டிஸ்பென்சரியிலேயே பழகிக்கொள்ளலாம் தம்பிகளே, ஒரு நடவுக் காலம் போதும். நம் காலை நீட்டுவதுதான் சிரமம். நான் அந்தப் படியில் பழகினேன். அதற்குப் பிறகு "நானே கழுவிக்கிறேன்" என்று எந்தக் கால் பின்வாங்கினாலும் எனக்குக் கோபம் வந்ததில்லை. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வேன், அவ்வளவுதான்.