அறுபதுக்குப் பிந்திய இரண்டு வருடம்

இன்று ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் கம்பனி அலுவலகத்தில் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கப் போனேன். ஓய்வூதியம் கூடும் என்று நம்பி, அறுபது வயதுக்குப் பிறகும் துறைமுகத்தில் இரண்டு வருடம் வேலை செய்திருந்தேன்.

அங்கிருந்த பெண் விதிமுறையைக் காட்டினார்.

"ஐயா, உங்கட சேவைக்காலம் அறுபதோட முடிஞ்சுது. பிறகு செய்த வருசம் பென்சனுக்குச் சேராது."

"வாசிச்சனான் பிள்ளை. எனக்குப் பிழையா விளங்கியிருக்கு."

"ஒருக்காக் கேட்டிருக்கலாமே?"

அறுபதில் நான் வேலையை நீட்டியபோது மனைவியும் அதையேதான் சொன்னாள்: "போய் ஒருக்காக் கேளுங்கோவன்." எனக்குக் கூச்சம். இரண்டாவது வருடத்தில் அவள் இறந்தாள். அந்த நேரமும் நான் வேலையில்தான் இருந்தேன்.

நிரப்பிக் கொண்டுவரச் சொல்லி அந்தப் பெண் தந்த படிவத்தில் வாழ்க்கைத்துணையின் பெயருக்கு ஓர் இடம் இருக்கிறது. அதை நிரப்புவதா, வெறுமையாக விடுவதா என்று கேட்காமலே வந்துவிட்டேன்.

உங்களில் யாருக்காவது தெரியுமா?