மேலாளரின் சந்திராஷ்டமம்

நேற்றுக் காலை கோயம்புத்தூரிலிருந்து மகள் பேசினாள். "ஊருக்கு வர நாலு நாள் லீவு கேட்டேன்ப்பா, கிடைக்கல." என் கண் தானாகச் சுவரிலுள்ள தினசரிக் காலண்டருக்குப் போனது. ராகுகாலம், எமகண்டம் எல்லாம் தாண்டி, தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் சந்திராஷ்டம வரிக்கு.

"உங்க மேனேஜர் என்ன ராசி?" என்றேன்.

"மேனேஜர் எங்கப்பா பாக்குறாரு? லீவு ஆப்தான் வேணாம்னு சொல்லிருச்சு."

நான் கேட்டது நியாயமான கேள்வி. இவள் பிறந்தபோது எரியோடு பக்கம் ஒரு நூற்பாலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். மேலாளர் துலாம் ராசி. அதற்கு எட்டாவது ராசியான ரிஷபத்தில் சந்திரன் நிற்கும் இரண்டேகால் நாள் அவருக்குச் சந்திராஷ்டமம். மாதம் ஒருமுறை வந்துவிடும். அப்போது வாயைத் திறந்தால் வம்பு என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். மற்ற நாட்களில் இயந்திரங்களை மிஞ்சிக் கத்துகிறவர், அந்த நாட்களில் தலையை மட்டும் ஆட்டுவார். நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவார். எங்கள் தொழிற்சங்கத் தலைவர் சந்திரன்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட ஜப்பார் பாய். ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். மேலாளரின் சந்திராஷ்டமத்தையும் தவறவிடாதவர். அவர் சொல்லி, வருடம் முழுவதற்கும் நிமிடக் கணக்கோடு அட்டவணை போட்டு டைரியில் ஒட்டினேன். எனக்குப் பஞ்சாங்கத்தில் நம்பிக்கை கிடையாது. மேலாளரின் நம்பிக்கையில்தான் நம்பிக்கை.

பழனியில், பிறந்த வீட்டிலிருந்த மனைவிக்கு நாள் நெருங்கியது. பத்து நாள் விடுப்பு வேண்டும். டாக்டர் சொன்ன தேதிக்கு முந்தின நாள் காலை 10.12-க்குச் சந்திரன் ரிஷபத்தில் நுழைவதாக என் அட்டவணை சொன்னது. 10.15-க்கு அறைக்குள் போனேன். 10.16-க்கு வெளியே வந்தேன்.

"பத்து நாளா? புள்ள பெறப்போறது நீயா, உன் பொண்டாட்டியா?" என்று அவர் கேட்டது, லாரியில் மூட்டை ஏற்றியவர்கள் வரை கேட்டது.

ஜப்பார் பாய் விசாரித்துவிட்டு வந்தார். "அவரு வாக்கியப் பஞ்சாங்கத்த விட்டுட்டாரு அப்பு. புதுச் சம்பந்தி திருக்கணிதம் குடுத்துருக்காரு. அதுல சந்திரன் மூணரைக்குத்தான் வருது. செத்த நேரம் பொறு."

"அதுக்குள்ள பொறந்துட்டா?"

"அப்பன் பஞ்சாங்கம் பாத்துக்கிட்டு நிக்கிறான்னு அதுக்குத் தெரியும். பொறுக்கும்."

ஒரே சந்திரன்தான். பழைய வாய்பாட்டுக் கணக்கில் காலையிலேயே வந்துவிட்டது. வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கில் ஐந்து மணி நேரம் தாமதம். சந்திரனுக்கு இந்தத் தகராறு தெரியுமா, தெரியவில்லை. 3.31-க்கு அதே காகிதத்தை நீட்டினேன். தலையாட்டல், கையெழுத்து. ஒட்டன்சத்திரம் தாண்டும்போது இருட்டிவிட்டது. மறுநாள் காலை 6.05-க்கு மகள் பிறந்தாள், மேலாளருக்கு ஆகாத அதே ரிஷபத்தில். நான் பிரசவ அறை வாசலில் நின்றேன் என்று டைரியில் இருக்கிறது.

அந்த ஆலை இருந்த இடத்தில் இப்போது வீட்டுமனைக் கற்கள். மேலாளரும் இல்லை, ஜப்பார் பாயும் இல்லை.

"அந்த ஆப்பை என்னைக்கு ஆரம்பிச்சாங்கன்னு கேட்டுச் சொல்லும்மா" என்றேன்.

"அதுக்கு ராசியெல்லாம் இல்லப்பா."

அட்டவணை போட எனக்கு இன்னும் தெரியும். மாதத்தில் இரண்டேகால் நாளாவது பயப்படுகிற ஆள்தான் இல்லை.