ராசிபுரத்துக்கு ஒரு கிளைப்பாதை

என் கணவர் அருணகிரி செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கண்ணிகளைச் சூட்டில் ஒட்டிப் பற்றுவைக்கும் தொழிலாளி. படிப்பு எட்டாவது. நான் பி.எஸ்சி. பொருத்தத்தைப் பற்றிப் பேசியவர்களுக்கு இவர் சொன்ன பதில்: "அவங்க படிச்சதை நான் கேட்டுக்கறேன். நான் பத்து வெச்சதை அவங்க போட்டுக்கறாங்க. வேற என்னங்க வேணும்?" இவர் போய் இந்த வைகாசியோடு ஓராண்டு. யாராவது இவரைப் பற்றிக் கேட்டால் எனக்கு முதலில் வாயில் வருவது ரயில் கதைதான்.

எண்பத்து நாலில், கப்பலில் வேலை பார்த்த என் தம்பி பாலசுந்தரம் ஜப்பானிலிருந்து ஒரு பொம்மை ரயில் கொண்டுவந்தான். என்ஜின் விரல் நீளம். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஒன்பது மில்லிமீட்டர். கரண்டுப் பெட்டியின் பொத்தானைத் திருகினால் வட்டமாக ஓடும். மூன்று நாள் பார்த்துவிட்டு இவர் சொன்னார்:

"சுத்திக்கிட்டே இருக்குது. ஒரு ஊருக்கும் போவ மாட்டேங்குதே."

என் ஊர் ராசிபுரம். அதற்கு அப்போது ரயில் கிடையாது. அங்கே பட்டுத் தறி போட்டிருந்த என் அப்பா குழந்தைவேல், தறிக்கு விடுமுறையான ஒவ்வொரு அமாவாசைக்கும் நெய்த் தூக்கோடு அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வருவார். சாப்பிடுவார், சிரிக்கப் பேசுவார். ஆறு மணி ஆனதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். பேரப்பிள்ளை பிறந்த பிறகுதான் மகள் வீட்டில் இரவு தங்குவது என்பது அவர் வைத்திருந்த முறை. எங்களுக்கோ ஐந்து வருடமாகக் குழந்தை இல்லை. அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது நான் பேசாமல் வருவேன். இவர் அதைக் கவனித்திருக்கிறார்.

ஒரு அமாவாசையன்று இவர் மடக்கினார்.

"ஏனுங் மாமா, ராசிபுரத்துக்கு ரயில் உட்டா ஒரு ராத்திரி தங்குவீங்களா?"

அப்பா சிரித்தார். "கவர்மெண்டாலயே முடியலீங்க மாப்ளே! நீங்க உடுங்க, தங்கறேன். வராட்டி இந்தப் பேச்சையே மறுக்கா எடுக்கப்படாது."

"சரிங்க. ரெண்டு அமாவாசை குடுங்க."

கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கிற மாதிரி மூன்றடிக்கு இரண்டடிப் பலகை ஒன்று வந்தது. வட்டத்திலிருந்து பாதை பிரிகிற இடத்தைக் கையால்தான் செய்தாக வேண்டும். தம்பி அனுப்பிய ஆங்கிலப் பத்திரிகையை நான் படித்துச் சொல்வேன். இவர் அரத்தை நிறுத்தாமல் கேட்பார். தண்டவாளத்துக்காகப் பித்தளைக் கம்பியைத் துளைத் தகட்டில் இழுத்துச் சதுரமாக்கினார். ரேடியோ கடையில் செம்பு ஒட்டிய அட்டை வாங்கி, தீக்குச்சி அகலத்துக்கு அறுத்துக் குறுக்குக் கட்டைகளாக வைத்தார். ஒரு கம்பியின் மின்சாரம் மற்றதற்குத் தாவாமலிருக்க, ஒவ்வொரு கட்டையிலும் செம்பை மயிரிழை அகலத்துக்குக் கீறிவிட வேண்டும். நகரும் இரண்டு கம்பிகளின் நுனியைத் தாள் போல இழைத்தார். அவற்றைத் தள்ளும் பிடிக்குக் கொலுசுத் திருகு. முதலில் செய்த இரண்டும் சரிவராமல் போய், மூன்றாவதை விரலால் தடவினேன்; இணைப்பு எங்கே என்று தெரியவில்லை.

இரண்டாவது அமாவாசை. காலையில் பாதையைப் பொருத்தினார். அட்டையில் நான் 'ராசிபுரம்' என்று எழுதி நட்டேன். அப்பா எதிரில் சம்மணமிட்டார். பொத்தானைத் திருகியதும் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. ரயில் அசையவில்லை. நேற்றுவரை ஓடிய வட்டத்திலும் ஓடவில்லை.

"என்னங்க மாப்ளே, சிக்னல் கெடைக்கலீங்களா?"

ஒயரைக் கழற்றினார், மாட்டினார். சக்கரத்தைத் துடைத்தார். மணி ஐந்தரை. நான் காலித் தூக்கைக் கழுவி அப்பாவின் பையில் வைத்தேன். துண்டை எடுக்கக் குனிந்த அப்பா அப்படியே பலகையைப் பார்த்தபடி நின்றார்.

"எல்லாக் கட்டையிலயும் ஒரு கீத்து இருக்குது. பாதை பிரியற மூக்குக்கு அடியில ரெண்டுல மட்டும் காணமே? எழை தப்புன மாதிரி இருக்குதுங்க."

இவர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"நேத்துத் தொடைக்கையில பள்ளமாத் தெரிஞ்சுதுங்க. கை பாட்டுக்குப் பத்து வெச்சு நெரப்பிப் போட்டுது!"

கொலுசுக் கண்ணியில் இடைவெளி தெரிந்தால் பட்டறையில் திருப்பிவிடுவார்கள். பதினாறு வருடம் அடைத்துப் பழகிய கை.

"சொல்லாம இருந்திருந்தா நீங்க செயிச்சிருப்பீங்க மாமா."

"தப்பு எழையக் கண்ட பொறவு எப்புடீங்க சும்மா இருக்கறது? சீக்கிரம் கீறுங்க!"

கீறினார். விளக்கு எரிந்தது. என்ஜின் மெல்லக் கிளம்பி, பிரியும் இடத்தில் 'டிக்'கென்று ஒரு சத்தம் போட்டு, வட்டத்தை விட்டு விலகி, என் அட்டையருகே போய் நின்றது.

"வந்துருச்சு அம்மிணி! நம்மூருக்கு வந்துருச்சு!" என்று அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அதற்குப் பிறகு பெட்டியை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. வேகமாக விட்டு மூன்று முறை கவிழ்த்தார். "மாமா, மெதுவா! ஜனங்க இருக்கறாங்க!" என்று இவர் கத்தினார். கடைசி பஸ்ஸை யாரும் நினைக்கவில்லை. நான் பாயை விரித்தபோது அப்பா துண்டை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார்.

விடிந்து காப்பி கொடுக்கப் போனால், பலகை ஏற்கெனவே கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்திருந்தது. அப்பா அதன் காலி மூலையைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"ஏனுங் மாப்ளே, எந்தங்கச்சி பாப்பாயி ஊடு எருமப்பட்டியில இருக்குது. அங்கயும் ஒரு கிளை பிரிக்கலாமுங்களா?"

"பிரிக்கலாமுங்க. ஆனா நீங்க வந்து தங்கி, கீத்தெல்லாம் சரி பாத்துக் குடுக்கோணும்."

அப்பா மூலையை மறுபடி சாண் போட்டுப் பார்த்தார்.

"ரெண்டு நாளாவது ஆவுமேங்க," என்றார்.