ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருந்தவள்

யாராவது பேய், பிசாசு என்று பேச்சை ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். நம்பிக்கை இல்லாததால் அல்ல. ராயபுரத்தில் ஒரு மழைநாள் சாயங்காலம் நான் கேட்ட சத்தம் மறுபடியும் காதுக்குள் வந்துவிடும், அதனால்தான். யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை இது. நானே அங்கே நின்றேன். என்னோடு இன்னொருவரும் நின்றார். அவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

என் பெயர் ஐரீன். 2004இல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய குடோனை வாங்கி, ஒரு பணக்காரர் அதைக் கலைக்கூடமாக மாற்றியிருந்தார். அங்கே நான் ரிஜிஸ்ட்ரார். உள்ளே வரும் ஒவ்வொரு ஓவியத்துக்கும் சிலைக்கும் எண் கொடுக்க வேண்டும், அளக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். எங்கே விரிசல், எங்கே கறை என்று எழுதி வைக்க வேண்டும். ஸ்டோர் ரூம் சாவியும் என்னிடம்தான். உள்ளே இருக்கும் பொருளில் ஒரு கீறல் புதிதாக விழுந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நவம்பர் மழையில்தான் அந்தச் சிலை வந்தது. 'காத்திருப்பவள்' என்று அதற்குப் பெயர். செய்தவர் சிற்பி செல்வநாதன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு இளம்பெண். முழுக்க வெள்ளை பிளாஸ்டர். செதுக்கியது இல்லை. உயிருள்ள ஒரு பெண்ணின் உடம்பில் பிளாஸ்டரைப் பூசி, இறுகிய பிறகு ஓடு ஓடாகக் கழற்றி, சேர்த்து ஒட்டியது. எட்டு வருடத்துக்கு முன்னால் செய்தது. அந்த ஒரு சிலையால்தான் செல்வநாதனுக்குப் பெரிய பெயரே வந்தது.

மரப்பெட்டியைத் திறந்தவர் பொன்னுரங்கம். கொருக்குப்பேட்டைக்காரர். துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்துவிட்டு எங்களிடம் வேலைக்கு வந்தவர். லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் சிலையைத் தூக்கி வைத்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இன்னா மேடம் இது... தூங்குற மாதிரியும் இல்ல, முழிச்சிகினு கீற மாதிரியும் இல்ல."

நான் சிரித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒன்று மட்டும் உறுத்தியது. ஆள் முகத்தில் பிளாஸ்டர் பூசும்போது மூச்சு விடுவதற்காக மூக்கில் இரண்டு ஸ்ட்ரா செருகுவார்கள். பூச்சை ஆள் முகத்திலிருந்து கழற்றிய பிறகு, அந்த இரண்டு ஓட்டைகளைக் கடைசியில்தான் அடைப்பார்கள். எவ்வளவு நன்றாக அடைத்தாலும் தடம் தெரியும். இதில் தடமே இல்லை. மூக்கின் மேல் ஒரே பூச்சு. நல்ல வேலைக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சிலையின் அடியில் ஈரம் இருந்தது. கூரையைப் பார்த்தேன். ஒழுகவில்லை. சுவரும் காய்ந்துதான் இருந்தது. குனிந்து சிலையின் தோளைத் தொட்டேன். தொட்ட கையை உடனே எடுத்துவிட்டேன்.

சூடு. ஜுரக்காரி உடம்பு மாதிரி.

தண்ணீர் விட்டுக் குழைத்த பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். அது எனக்குத் தெரியும். ஆனால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். எட்டு வருடப் பழைய பிளாஸ்டர் ஏன் சுட வேண்டும்?

அதற்கடுத்த நாள் முகத்தைப் பார்த்தேன். மூக்கில் இரண்டு ஓட்டைகள். பென்சில் நுழையும் அளவு. முழங்கால் மேல் வெள்ளைத் தூள் உதிர்ந்து கிடந்தது. வெளியிலிருந்து குத்தியிருந்தால் தூள் உள்ளே விழுந்திருக்கும். இது உள்ளிருந்து...

செல்வநாதனுக்குப் போன் செய்தேன்.

"சார், சிலையில கொஞ்சம் பிரச்சினை. நீங்க ஒரு தடவை வந்து பாத்தா நல்லது."

 அவர் மெதுவாகக் கேட்டார்.

"மூக்குல ஓட்டை விழுந்திருக்கா?"

நான் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"ஆமா சார்."

"யாரையும் கிட்ட விடாதீங்க. நான் வர்றேன்."

அன்று சாயங்காலமே வந்தார். கொட்டும் மழை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். கையில் பிளாஸ்டர் பையும் ஒரு மக்கும் வைத்திருந்தார். ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்தவர் சிலையின் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அடிக்கடி இப்படி ஆகுமா சார்?"

"ஒவ்வொரு மழைக்கும். நான்தான் அடைப்பேன். நீங்க வெளிய நில்லுங்க."

"நான் கூட இருக்கணும் சார். இங்க அதான் ரூல்."

"வெளிய நில்லும்மா."

இரும்புக் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். நானும் பொன்னுரங்கமும் வராந்தாவில் நின்றோம். மணி ஐந்தே முக்கால். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். கரண்டியால் கலக்கும் சத்தம். கரக்... கரக்...

கரண்ட் போனது.

கலக்கும் சத்தமும் நின்றது.

பிறகு அது ஆரம்பித்தது. மெல்லிய குழாய் வழியாக யாரோ மூச்சு இழுக்கிற மாதிரி.

உஸ்ஸ்... உஸ்ஸ்... உஸ்ஸ்...

"மேடம், உள்ள யாரோ மூச்சு வுடறாங்க."

"சார்தான் பொன்னுரங்கம்."

அவர் கதவில் காதை வைத்தார். என் கையைப் பிடித்தார். 

"ஒரு ஆளு இல்ல மேடம். ரெண்டு."

உள்ளே செல்வநாதன் பேசினார். அழுகிற குரல்.

"மங்கை... வேணாம்மா... மங்கை..."

அதற்கு ஒரு பெண் பதில் சொன்னாள். கோபமே இல்லை. குழந்தையைச் சமாதானம் செய்கிற மாதிரி, நிதானமாக...

"ஆடாத சார். கொஞ்ச நேரந்தான். ஆடுனா கலைஞ்சிடும்."

நான் கதவை அடித்தேன். "சார், கதவத் திறங்க சார்."

பொன்னுரங்கம் தோளால் இடித்தார். கதவு அசையவில்லை.

உள்ளே தரையில் கால் உதைபடும் சத்தம். தப்... தப்... தப்...

இரண்டு மூச்சு கேட்டது.

பிறகு ஒன்றுதான்.

உஸ்ஸ்...

அதுவும் நின்றது.

டக்.

உள்தாழ் தானாக விலகியது.

டார்ச் அடித்தேன்.

மூலையில் செல்வநாதன் உட்கார்ந்திருந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு.

கழுத்துக்கு மேலே முழுக்க வெள்ளை.

பொன்னுரங்கம் ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்தார். சுட்டது. இறுகிக் கல்லாகியிருந்தது. முகத்தை மூடியிருந்த பகுதி ஒரே துண்டாகக் கழன்று வந்தது. உள்ளே செல்வநாதனின் கண்கள் திறந்திருந்தன. மூச்சு இல்லை.

பக்கத்தில் அவர் கலக்கிய மக் இருந்தது. விளிம்பு வரை நிறைந்து, கரண்டியோடு சேர்ந்து இறுகிப் போயிருந்தது. அதிலிருந்து ஒரு கரண்டிகூட எடுக்கவில்லை.

போலீஸ் வந்தது. அறையில் வேறு வழி இல்லை, ஜன்னல் இல்லை. சந்தேகப்பட்டுச் சிலையை உடைத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. காலி. நாங்கள் கேட்ட பெயரைச் சொன்னோம். இரண்டு வாரம் கழித்து என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எண்ணூர் குப்பத்திலிருந்து பச்சையம்மா என்று ஒரு அம்மாளும் வந்திருந்தார். அவருடைய தங்கை மங்கை எட்டு வருடமாகக் காணவில்லை.

"செலை செய்யறவரு கூப்ட்டாருன்னு போச்சி சார். திரும்பி வரவேயில்ல. போய்க் கேட்டதுக்கு, 'எவன் கூடயோ பம்பாய்க்கு ஓடிட்டா'ன்னு அந்த ஆளு சொன்னாரு."

மங்கையின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மேஜையில் ஒரு பொருளை வைத்தார். செல்வநாதன் முகத்திலிருந்து கழன்று வந்த பிளாஸ்டர் துண்டு. அதை மெதுவாகத் திருப்பி உட்புறத்தைக் காட்டினார். பிளாஸ்டர் எந்த முகத்தின் மேல் இறுகியதோ அந்த முகம்தான் உள்ளே பதியும். செல்வநாதனுக்கு அடர்ந்த தாடி. அகன்ற மூக்கு.

உள்ளே பதிந்திருந்தது சின்ன மூக்கு. வழவழப்பான கன்னம். திறந்த வாய். மேல்வரிசைப் பற்கள்கூடத் தெரிந்தன.

"என் தங்கச்சிதான்" என்றார் பச்சையம்மா.

இன்ஸ்பெக்டர் அந்த வாயைச் சுட்டிக் காட்டினார். "வாய் இப்படித் தொறந்திருக்கு. கத்தியிருப்பாங்க போல."

பச்சையம்மா அந்தத் துண்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். விரலால் அந்தக் கன்னத்தைத் தடவினார். வெகுநேரம் பார்த்தார். அழவில்லை.

"கத்தல சார்" என்றார். "எனக்குத் தெரியாதா அவ மூஞ்சி?"

"சிரிச்சிகினு கீறா."