பஸ் நிறுத்தத்தில் நின்ற பூங்கொடி

முதல் சோதனை

எங்கள் கேமைக் கோலாலம்பூர்க் கண்காட்சிக்கு அனுப்ப ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் என் அக்காவை அதை விளையாடச் சொன்னேன். கால் மணி நேரத்திற்குள், நாலு வருடமாக நாங்கள் கட்டிய கதை ஆட்டம் கண்டது.

எங்கள் கம்பெனியில் நானும் யூசுப்பும் மட்டும்தான். நான் புரோகிராமும் டயலாக்கும் எழுதுவேன். யூசுப் படம் வரைவான். ஈப்போவில் அவன் அத்தா நடத்தும் சாப்பாட்டுக்கடையின் மாடிதான் அலுவலகம். மசாலா வாசம் ஏறாத கம்ப்யூட்டர் அங்கே இல்லை. நாங்கள் செய்வது ஆர்.பி.ஜி. வகை. ஆடுபவர் ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் நடமாடுவார். மற்றவர்களோடு பேசுவார், அவர்கள் கேட்கும் வேலையைச் செய்து கொடுப்பார், எதைச் செய்வது எதை விடுவது என்று அவரே முடிவெடுப்பார். அந்த வேலைகளைத்தான் குவெஸ்ட் என்போம்.

எங்கள் கதையில் ஆடுபவர் பூங்கொடி என்ற பதினேழு வயதுப் பெண். பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். தோட்டத்தை விற்கப்போகிறார்கள். பூங்கொடி வீடு வீடாகப் போய் எல்லாரையும் ஒன்று சேர்த்துத் தோட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். நான் பிறந்த தோட்டமும் அந்தப் பக்கம்தான். இன்று அங்கே செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் இருக்கின்றன. நிஜத்தில் காப்பாற்ற முடியாததைக் கேமிலாவது காப்பாற்றலாம் என்றுதான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

கேமே விளையாடாத ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று யூசுப் சொன்னான். கமலா அக்காவைக் கூப்பிட்டேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து, லைன் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து, ரொட்டி சாப்பிட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பட்டன்களைச் சீக்கிரமே பழகிக்கொண்டார். முதல் குவெஸ்டை முடித்தார். இரண்டாவது குவெஸ்டுக்குக் கோவிலுக்குப் போக வேண்டும். அவர் பூங்கொடியைக் கோவிலைத் தாண்டி, செம்மண் சாலையிலேயே நடத்திக்கொண்டு போய் மேப்பின் ஓரத்துக்கு வந்துவிட்டார். அங்கே யூசுப் ஒரு பஸ் நிறுத்தம் வரைந்திருந்தான். ஒரு பலகையும் ஒரு பெஞ்சும் மட்டும். பூங்கொடியை அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டு அக்கா கையைக் கட்டிக்கொண்டார்.

வழி தெரியாமல் நிற்கிறார் என்று நினைத்தேன்.

“அங்க ஒண்ணும் இல்லக்கா. கோயிலுக்குத் திரும்பிப் போங்க.”

“பஸ் எப்ப வரும்?”

“பஸ் வராதுக்கா. அது சும்மா படம்.”

“வராத பஸ்ஸுக்கு எதுக்கு ஸ்டாப்பு?”

யூசுப் சிரித்துக்கொண்டே, ஆடுபவரைக் குழப்புகிறது, எடுத்துவிடலாம் என்றான். நானும் சரி என்றேன். அக்கா கோவிலுக்குத் திரும்பினார். அதன் பிறகு அவர் விளையாடியது, மற்றவர் மனம் கோணக்கூடாதே என்று விருந்தில் சாப்பிடுவதுபோல இருந்தது.

நேரமாகிவிட்டதால் கடைசிக் கட்டத்தை மட்டும் திறந்து காட்டினேன். லயத்துச் சனமெல்லாம் கூடி நின்று, தோட்டத்தைக் காப்பாற்ற எங்களோடு நிற்பாயா என்று பூங்கொடியைக் கேட்பார்கள். ‘உயிர் உள்ளவரை நிற்பேன்’, ‘என்னால் முடிந்ததைச் செய்வேன்’ என்று இரண்டு பதில்கள். அக்கா இரண்டையும் படித்தார்.

“வேணாம்னு சொல்ல எடமே இல்லியே தம்பி.”

“யாருக்கா வேணாம்னு சொல்லுவா? நம்ம வீடுக்கா.”

அவர் கண்ட்ரோலரை மேசைமேல் வைத்தார்.

அக்கா பதினேழு வயதில் வீட்டைவிட்டு வேலைக்குப் போனவர். அப்பா மரத்திலிருந்து விழுந்து படுத்த வருடம் அது. தோட்டத்து வாசலில் அம்மாவைக் கட்டிக்கொண்டு அவர் அழுதது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குடும்பத்துக்காகத் தோட்டத்தைப் பிரிந்த அக்கா என்றே எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பூங்கொடியின் முகத்தை வரைய யூசுப்பிடம் கொடுத்ததும் அக்காவின் அந்தக் காலத்துப் படம்தான்.

அதையே அப்போது அவரிடம் சொன்னேன்.

“அழுதது அம்மாவ விட்டுப் போறேனேன்னு. தோட்டத்த விட்டுப் போறேன்னு இல்ல. பஸ்ல ஏறி உக்காந்ததும் எனக்கு அவ்ளோ சந்தோஷம்லா. இதுவரைக்கும் யாரும் என்னைக் கேக்கல, நானும் சொல்லல.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “இது எட்டு வயசுல நீ பாத்த தோட்டம். அப்ப நான் விடியறதுக்கு முந்தி அம்மாகூடப் போயி மங்கு தொடச்சிட்டு இருந்தேன்.”

மங்கு என்பது மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கிண்ணம். எங்கள் கேமில் அந்த மங்குகள் வெயிலில் வெள்ளையாக மின்னும். அப்படி மின்ன வேண்டும் என்று யூசுப்பிடம் மூன்று முறை திருத்தி வாங்கியிருந்தேன்.

பஸ்

மறுநாள், பஸ்ஸை வரவைக்கலாம் என்று யூசுப்பிடம் சொன்னேன். கதை எந்த இடத்தில் இருந்தாலும் பூங்கொடி ஏறிப் போகலாம்.

“மச்சான், மொத பத்து நிமிசத்துலயே ஏறிப் போயிட்டா? நாம நாலு வருசம் செஞ்சத யாரு பாப்பா?”

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஒவ்வொரு மரத்தையும் அவன் கையால் வரைந்திருந்தான். தவிர, பூங்கொடி எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றால் ஒவ்வொருவர் டயலாக்கையும் திருத்த வேண்டும். கண்காட்சியில் ஓடவேண்டிய பதிப்பு, அதாவது பில்டு, ஏறக்குறைய தயார். அங்கே எங்களைப் பார்க்க ஒரு வெளியீட்டாளர் வருவதாகவும் பேச்சு இருந்தது. அந்த வாரம் முழுவதும் இருவரும் வேலையைப் பற்றித் தவிர வேறு பேசவில்லை.

நான் தனியாக ஒரு பில்டில் பஸ்ஸை வைத்தேன். பூங்கொடி ஏறுவாள், திரை இருட்டும், சோகமாக ஒரு குழல் இசை, ‘முடிந்தது’ என்ற எழுத்து. அதை அக்காவிடம் கொண்டு போய்க் காட்டினேன். உடனே ஏறிவிட்டார். இசை வந்ததும் முகம் சுருங்கியது.

“ஏன், செத்தா போயிட்டா?”

“இல்லக்கா, போயிட்டா.”

“போனா எங்கியாச்சும் எறங்கணும்ல. எறங்குற எடம் எங்க?”

லயத்தில் எந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுவரை கேமில் வைத்திருந்தேன். என் அக்கா ஜெலாப்பாங்கில் முதலில் தங்கிய அறை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

இதை யூசுப்பிடம் சொன்னபோது அவன் வாதாடவில்லை. அடுத்த ஞாயிறு வரைபலகையை எடுத்துக்கொண்டு அவனே அக்கா வீட்டுக்கு வந்தான். மூன்று பெண்கள் ஒரே அறையில், கட்டில் இரண்டுதான், முறைவைத்துத் தரையில் படுப்பார்கள் என்றார் அக்கா. முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கியதையும், தீபாவளிக்கு வீட்டுக்குப் போகாமல் ஓவர்டைம் செய்த வருடம் கழிவறையில் நின்று அழுததையும் சொன்னார். யூசுப் கேட்கக் கேட்க வரைந்துகொண்டே இருந்தான்.

திரும்பி வரும்போது காரில் அவனே ஆரம்பித்தான். “இது சின்ன வேல இல்ல மச்சான். அந்த ரூம உள்ள கொண்டாரணும்னா தோட்டத்துல பாதிய வெட்டணும்.”

வெட்டினோம். கண்காட்சிக்கு வரவில்லை என்று எழுதினோம். எங்கள் இடம் வேறொரு குழுவுக்குப் போனது. அந்த வெளியீட்டாளர் பிறகு எங்களைத் தேடவில்லை. யூசுப் வரைந்த ஆற்றங்கரை முழுவதும் போனது. அன்று அவன் கீழே கடைக்குப் போய், அத்தாவோடு நின்று சாயந்திரம்வரை தேத்தண்ணி ஆற்றினான். நானும் கூப்பிடப் போகவில்லை.

வெளியான பிறகு

கேம் வெளிவர இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது, அடுத்த கேமைத் தொடங்கும் அளவுக்கு ஓடியது. பாதித் தோட்டத்தோடு நிறுத்திவிட்டீர்களே என்று குறைபட்டு எழுதியவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சித்தியவானிலிருந்து ஒரு பெண், கேமை அம்மாவிடம் கொடுத்ததாகவும் பூங்கொடி பஸ்ஸிலிருந்து இறங்கித் தங்கும் அந்த மூன்று பெண்கள் அறையைவிட்டு அம்மா வெளியே வரவே மறுத்ததாகவும் எழுதியிருந்தார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். நீங்கள் பாதை போடாத பக்கம் ஒருவர் நடந்தால், அவர் விளையாடத் தெரியாதவர் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். வாயை மூடிக்கொண்டு, அவர் எங்கே போகப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். என் கதை எனக்கு முழுதாகத் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதில் பாதி அக்காவிடம் இருந்தது.

முடிந்த கேமை அக்கா எங்கள் மாடியில் உட்கார்ந்துதான் விளையாடினார். பஸ் வந்தது, கதவு திறந்தது. அவர் ஏறவில்லை. பஸ் போனதும் பூங்கொடியை லயத்துக்குத் திருப்பி, பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

யூசுப்புக்குத் தாங்கவில்லை. “கமலாக்கா, ஒங்களுக்காகத்தான் பஸ்ஸு விட்டோம்.”

“தெரியும்லா,” என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இனி எப்ப வேணா போலாம்ல. கொஞ்சம் இருந்துட்டுப் போறேன்.”