எல்லோர் போனிலும் முதலிடம்

சுப்ரஜாவுக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடாவிட்டால் விரல் போனைத் தேடும். சேலையூரில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் வேலையை விட்டுவிட்டு, தைத்த மடிசார் விற்கும் ஆன்லைன் கடையைத் தொடங்கியதிலிருந்து இது முற்றிவிட்டது. பாவாடை மாதிரி மாட்டிக்கொண்டு கொக்கி போட்டால் போதும், ஒன்பது கஜம் கட்டியதுபோலவே இருக்கும். நல்ல சரக்குதான். வாங்கத்தான் ஆளில்லை.

தேடினால் கடை முதலில் வர வேண்டும், அப்போதுதான் விற்கும் என்று ஏதோ வீடியோவில் கேட்டுவிட்டாள். விடுவாளா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உத்தரவு பறந்தது. தினமும் குளித்ததும் 'ரெடிமேட் மடிசார்' என்று தேடி, நம் கடையை அழுத்த வேண்டும். மாமியார் விளக்கேற்றிவிட்டு அழுத்தினார். நாத்தனார் காபி குடித்துக்கொண்டே அழுத்தினாள். கணவர் சூர்யநாராயணன் தாம்பரத்தில் ரயில் ஏறியதும் அழுத்தினார். எல்லோர் போனிலும் கடை முதலிடத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் ஏன் ஆர்டர் வரவில்லை? கண் பட்டிருக்கும் என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். விலையைக் குறைத்தாள். படத்தை மாற்றினாள், மறுநாளே பழைய படத்தைப் போட்டாள்.

பள்ளியில் அவள் இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. திரும்பி வருவதானால் இன்று மாலைக்குள் சொல் என்றிருந்தார் தலைமையாசிரியை. முதலிடத்தில் இருக்கும் கடையை மூட யாருக்கு மனசு வரும்? வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்ற தெம்போடுதான் கிருத்திகைக்குக் குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போனாள்.

வரிசையில் முன்னால் நின்ற பெண்ணின் பெயர் ஆஷா, பள்ளிக்கரணை. தங்கைக்கு அடுத்த மாதம் சீமந்தம், மடிசார் கட்டிவிட ஆளில்லாமல் திண்டாடுகிறோம் என்று அவள் சொன்னதும் சுப்ரஜா துள்ளினாள்.

"ரெடிமேட் மடிசார்னு போடுங்கோ. முதல்ல வரது நம்ம கடைதான்."

ஆஷா போனில் தட்டினாள். தள்ளிப் பார்த்தாள். இன்னும் தள்ளினாள்.

"இல்லையேக்கா."

"இருக்குமே! குடுங்கோ." பிடுங்காத குறையாக வாங்கினாள். யார் யாருடைய கடையோ வந்தது. அவளுடையதைக் காணோம். தன் போனைத் திறந்து காட்டினாள். அதில் முதலிடம்.

"நீங்க தினமும் அதையே அழுத்தறீங்களா? அதான் உங்களுக்கு முன்னாடி காட்டுது. எங்களுக்குக் காட்டாதுக்கா."

சுப்ரஜாவுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை மாதமாகத் தன் வீட்டாருக்கே கடை விரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது, அழுகையும் முட்டியது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை அழைத்தார். அஞ்சு நிமிஷம் மேடம் என்று வைத்துவிட்டு ஆஷாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுவரை நீங்க எப்படித் தேடினேள்?"

"சீமந்தத்துக்கு ஈஸியா மாட்டிக்கற ஒன்பது கஜம்னு ஏதேதோ போட்டேன்."

அதில் ஒரு வார்த்தைகூட அவள் கடைப் பக்கத்தில் இல்லை. புடவையை யாரும் பிடிக்காமல் ஒதுக்கவில்லை, இன்னும் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பயமும் ஆசையும் ஒன்றாகக் கிளம்ப, பள்ளிக்குப் போன் போட்டாள்.

"நான் வரலை மேடம்."

"கடை அவ்வளவு நன்னா போறதா?"

"இல்லை மேடம். அப்படி ஒரு கடை இருக்கறதே யாருக்கும் தெரியாது."

போனை வைத்தாள். வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை. பின்னால் நின்ற அம்மாளிடம் திரும்பி, "மாமி, நீங்க போன்ல புடவை தேடினா என்னன்னு போடுவேள்?" என்று கேட்டாள்.