வேகவதிக்குக் குறுக்கே

நவம்பர் இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி பத்து நாற்பது. விடியற்காலையில் கொட்டிய மழை விட்டு, வெறும் தூறல். காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். நான், என் மகள் கவிதா, மாப்பிள்ளை முரளி, எதிரே மனநல ஆலோசகர்.

ஒரு சிட்டிங்குக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். ஆறு சிட்டிங்குக்கு முன்கூட்டியே கட்டிவிட்டேன். ஏழாயிரத்து இருநூறு. ரசீது கிடையாது. திருப்பித் தருவதும் கிடையாதாம்.

எதற்காகப் போனோம்?

கவிதாவுக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கடன் வாங்கி, வாலாஜாபாத் பக்கம் ஒரு வீடு கட்டினார்கள். மாதத் தவணை முப்பத்தோராயிரம். அதில் பத்தொன்பதாயிரம் அவள் சம்பளத்திலிருந்து போகிறது. கிரகப்பிரவேசம் வியாழக்கிழமை என்று முடிவாகி, அவள் லீவும் சொல்லிவிட்டாள்.

அதற்கு நாலு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டு ஜோசியர், வியாழனைவிட மறுநாள் திங்களே விசேஷம் என்றாராம். விடியற்காலை நாலரை மணிக்கு முகூர்த்தம். கவிதா அப்போது நைட் ஷிப்டில். போன் செய்தார்களாம், எடுக்கவில்லையாம்... எப்படி எடுப்பாள்? போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தானே உள்ளே விடுகிறான்?

முரளியின் அண்ணனும் அண்ணியும் ஹோமத்தில் ஜோடியாக உட்கார்ந்தார்கள். அண்ணி பால் காய்ச்சினாள். ஷிப்ட் முடிந்து, செய்தியைப் பார்த்து, பதறிக்கொண்டு கவிதா போய்ச் சேர்ந்தபோது அங்கே தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அவள் வாசற்படி ஏறவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“பொண்ணு வந்து முப்பது நாள் ஆவுது” என்று ஒருநாள் சொன்னேன். என் மனைவிக்கு வந்ததே கோபம்! “பொண்ணு சாப்புட்ற சோத்தையும் எண்ணிக்கினு இருக்கீங்களா?”

சோற்றை எண்ணவில்லை, ஐயா. என் வயதை எண்ணினேன். எழுபத்து மூன்று. எனக்குப் பிறகு அவளுக்கு யார்? எப்படியாவது இரண்டு பேரும் ஒன்றாகிவிட வேண்டும். இதுதான் என் தூக்கத்தைத் தின்றது.

அப்போதுதான் எதிர்வீட்டு நெசவாளர் இந்த ஆலோசகரைப் பற்றிச் சொன்னார். அவர் மகள் பிளஸ் டூ. கணக்குப் பரீட்சை என்றாலே பயந்துபோய், வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். ஆலோசகர் அந்தப் பெண்ணிடம், “பாரதத்துல நீ யாருமா?” என்று கேட்டிருக்கிறார். கோயில் திருவிழாவில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்த பெண். சட்டென்று, “அபிமன்யு சார்” என்றாளாம். “கணக்குக்கு உள்ள பூந்துடுவேன். வெளிய வரத் தெரியாது.”

பிறகு கடைசி வரியிலிருந்து ஆரம்பித்து, கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்க்கப் பழக்கினார். எழுபத்தொன்று வாங்கினாள். கதையால் ஆகாதது ஒன்றுமில்லை என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

முதலில் நான் மட்டும் தனியாகப் போய்ப் பணம் கட்டினேன். ஆலோசகர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “சார், உங்க பொண்ணு சின்ன வயசுலேர்ந்து கேட்ட புராணக் கதை ஏதாச்சும் இருக்குதா? அதுல ஆரம்பிச்சா மனசுல சீக்கிரம் இறங்கும்” என்றார்.

இருக்கிறதா என்றா கேட்கிறீர்கள்? காஞ்சிபுரத்துக்காரனிடமா?

பிரம்மா இந்த ஊரில் யாகம் செய்தார், சரஸ்வதியை விட்டுவிட்டு. யாகத்தில் வேறு தேவியை உட்கார வைத்துக்கொண்டார். சரஸ்வதிக்குக் கோபம். முதலில் உலகத்தை இருட்டாக்கினாள், பெருமாள் விளக்கொளியாக வந்து நின்றார். அடுத்து அரக்கர்களை ஏவினாள், எட்டுக் கையோடு வந்து நின்றார். கடைசியில் அவளே வேகவதி ஆறாகப் பெருகி வந்தாள். பெருமாள் ஆற்றுக்குக் குறுக்கே படுத்துவிட்டார். மூன்று தடவை தடுத்ததற்கு மூன்று கோயில், இன்றும் இருக்கின்றன.

எங்கள் வீட்டு விஷயத்துக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி இல்லை? சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கதையை ஆரம்பித்தார். நன்றாகவே சொன்னார். குரலை ஏற்றி, இறக்கி... யாகத்தில் வேறு தேவி என்ற இடத்தில் மாப்பிள்ளை நெளிந்தான்.

“சார், நான் ஒண்ணும் வேற கல்யாணம் கட்டிக்கல. எங்க அண்ணிதான் பால் காய்ச்சினாங்க.”

“இது ஒரு உருவகம் சார். நீங்க பிரம்மா இல்ல, பிரம்மா மாதிரி” என்றார் ஆலோசகர்.

கவிதா சிரித்தாள். நாற்பத்தோரு நாளில் முதல் சிரிப்பு. வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

“மூணு தடவ தடுத்தாரும்மா” என்று தொடர்ந்தார். “மூணு கோயில். மூணையும் ஒரே காலைல நடந்தே பாத்துட்டு, பதினோரு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்.”

கவிதாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “இந்தக் கதைய உங்களுக்கு யாரு சொன்னது சார்?”

“பெரியவங்க சொன்னதும்மா.”

“எந்தப் பெரியவருன்னு தெரியுது. பதினோரு மணிக்குள்ள வீட்டுக்கு வரணும்னு எந்தப் புராணத்துல எழுதியிருக்குது?” அவள் என் பக்கம் திரும்பவில்லை. “சரி, மேல சொல்லுங்க. ஆறு வந்துது, குறுக்கால படுத்தாரு. அப்புறம்?”

“கோவம் தணிஞ்சி, சரஸ்வதி பிரம்மா பக்கத்துல வந்து ஒக்காந்தாங்க. யாகம் நல்லபடியா முடிஞ்சிது. நீங்கதாம்மா அந்த சரஸ்வதி. உங்க கோவத்துல நியாயம் இருக்குது. ஆனா வெள்ளமா வந்தா ஊருக்குத்தானே சேதம்?”

“யாகம் முடிஞ்சிது, சரி. ஆறு இன்னா ஆச்சி சார்?”

ஆலோசகர் தன் நோட்டைப் புரட்டினார்.

“உள்ளூர்தானே நீங்க? வேகவதிப் பாலத்து மேல மூக்கப் புடிச்சிக்காம போயிருக்கீங்களா? ஊரு சாக்கடை அத்தினியும் அதுலதான் போவுது. மூணு தடவ தடுத்தாங்களே... ஒரு தடவையாச்சும், ‘இன்னாமா உன் கோவம்’னு யாராச்சும் கேட்டாங்களா?”

“அம்மா, கதையை அப்பிடி நேருக்கு நேரா...”

“எங்க கம்பெனியிலயும் ஒருத்தரு வந்தாரு சார், கோட்டு போட்டுக்கினு. பயிற்சி வகுப்புன்னாங்க. கர்ணன் கதை சொன்னாரு. சோறு போட்டவனுக்காக உசுரையே குடுத்தான்னு ஒரே கைதட்டல். அடுத்த வாரம் நோட்டீஸ் ஒட்டுனாங்க, ஞாயித்துக்கெழம ஓவர்டைம் கட்டாயம்னு.”

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். “கவி, சாரின்னு சொல்லிட்டேன் இல்ல? இன்னும் இன்னாதான் வோணும் உனக்கு?”

“பாத்தீங்களா? இப்பதான் கேக்குறாரு. இதயும் கேள்வியா கேக்கல.”

அவள் எழுந்தாள். கதவருகே போய்த்தான் என்னைப் பார்த்தாள்.

“பிரம்மா யாருன்னு சொல்லிட்டாரு, சரஸ்வதி யாருன்னு சொல்லிட்டாரு. குறுக்கால படுத்துக்கினு இருக்கறது யாருன்னு அவரு சொல்லல. நான் சொல்லட்டாப்பா?”

மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள்.

ஆலோசகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எதிர்ப்பு வர்றது நல்ல அறிகுறி சார். அடுத்த சிட்டிங்ல சாவித்திரி எடுக்கலாம்” என்றார்.

சாவித்திரி எடுக்கலாமாம்! பாலியஸ்டரில் ஒன்று, பட்டில் ஒன்று என்று ரகம் ரகமாக அடுக்கி வைத்திருக்கிறார் போல.

இன்று எங்கே பார்த்தாலும் இதுதான். பள்ளிக்கூடத்தில் பொறுமைக்கு ஒரு கதை, ஆபீஸில் விசுவாசத்துக்கு ஒரு கதை, குடும்பத்தில் அனுசரித்துப் போவதற்கு ஒரு கதை. மனோதத்துவம் என்கிறார்கள். கவனித்துப் பார்த்தேன்... பாடம் எப்போதும் பீஸ் கட்டாதவர்களுக்கே நடக்கிறது. பள்ளிக்கூடம் கட்டினால் பிள்ளைக்கு. முதலாளி கட்டினால் தொழிலாளிக்கு. அப்பன் கட்டினால் மகளுக்கு.

அபிமன்யு எப்படிப் பலித்தான் என்று யோசித்தேன். எதிர்வீட்டுப் பெண்ணிடம் அவர், நீ யார் என்று கேட்டார். என் மகளிடம், நீ யார் என்று சொன்னார். கேட்காதபடி செய்ததும் நான்தான். துணியை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு, அளவெடுக்கவில்லையே என்று தையற்காரனைத் திட்டி என்ன பயன்?

அன்று சாயங்காலம் கவிதா பெட்டியைக் கட்டினாள். ஒரகடத்தில் கம்பெனிக்குப் பக்கத்திலேயே பெண்கள் விடுதி. வாலாஜாபாத் வீட்டுக்கும் போகவில்லை, எங்கள் வீட்டிலும் இருக்கவில்லை.

“மழ பெய்யுது, நாளைக்குப் போயேம்மா” என்றேன்.

“குறுக்க நிக்காதீங்கப்பா” என்றாள். கோபமாகக்கூட இல்லை. நான் வாசலில்தான் நின்றிருந்தேன். நகர்ந்தேன்.

அம்மாவிடம் தினமும் பேசுகிறாள். என்னைப் பற்றி, “மாத்திரை சாப்புட்டாரா?” என்று கேட்பதோடு சரி. வீட்டுத் தவணையை மட்டும் ஒழுங்காகக் கட்டிவருகிறாளாம். அவள் கால் வைக்காத வீட்டுக்கு.

போன வெள்ளிக்கிழமை என் வங்கிக் கணக்கில் ஒரு தொகை வந்து விழுந்தது. ஏழாயிரத்து நானூற்று முப்பது. அனுப்பியவர் கவிதா. ஒரு வரி செய்தி கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவுக்கு நூற்று நாற்பது, மூன்று காபிக்குத் தொண்ணூறு என்று போகும் வழியெல்லாம் நான் முணுமுணுத்ததைக் காதில் வாங்கியிருக்கிறாள். கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடியும் கூட்டிப் பார்த்தேன்.

ஆக, மகளுக்காக இந்த அப்பனுக்கு ஆன மொத்தச் செலவு – ரூபாய் சைபர்.